கிழக்குக் கரை இரண்டாம் குழி

“உள்ளூர் விசாரணை நடத்தப்பட்டது, குறிப்பிடத்தக்க தகவல் ஏதும் கிடைக்கவில்லை.”

இந்த வரியை நான் எழுதியது ஒரு திங்கட்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, அலுவலகத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து. எந்த ஊரில் விசாரித்ததாக எழுதினேனோ அந்த ஊருக்கும் என் நாற்காலிக்கும் இடையே அப்போது எண்பது கிலோமீட்டர் இருந்தது.

பொய் எழுதுகிறோம் என்ற எண்ணம்கூட எழவில்லை. தொல்லியல் ஆய்வுக்கு வெளியூர் போக வண்டி வேண்டுமானால் படிவம் முழுதாக நிரம்பியிருக்க வேண்டும். உள்ளூர் விசாரணைக்கான ஆறாம் பக்கம் காலியாக இருந்தால் வண்டிப் பிரிவு தாளைத் திருப்பி அனுப்பிவிடும். ஆகவே ஆறாம் பக்கத்தைப் புறப்படும் முன்பே நிரப்பிக் கையெழுத்துப் போட்டுவிடுவது எங்கள் பிரிவின் வழக்கம். எனக்கு முன்னால் பதிவாளராக இருந்தவர் அப்படித்தான் செய்தார். நானும் பத்தொன்பது வருடமாக அதே வரியை எழுதிவந்தேன். ஊர்ப் பெயர் மட்டும்தான் மாறும்.

இந்த முறை அந்த வரி ஒரு வீட்டின் தலையில் போய் விழுந்தது.

விஷயம் இதுதான். ஒரு கிராமத்துச் சாலையில் ஆற்றைக் கடக்கும் பாலம் ஒன்று. கட்டி நாற்பத்துநான்கு வருடம் ஆகிறது. தூண்களின் அடியில் மண் அரித்துக் கம்பி வெளியே தெரிகிறது. எதிரே லாரி வந்தால் நடந்து போகிறவர் கைப்பிடிச் சுவரில் பல்லி மாதிரி ஒட்டிக்கொள்ள வேண்டும். அதை ஒட்டி வடக்குப் பக்கத்தில் புதுப் பாலம் கட்டத் திட்டம். கட்டுவதற்கு முன்னால் அந்த இடத்தில் பழங்காலத்துப் பொருள் ஏதாவது புதைந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டியது எங்கள் வேலை. போனவர்கள் ஆறு பேர்: தோண்டிப் பழகிய ஆட்கள் நால்வர், பதிவாளனான நான், ஆய்வை நடத்தும் அதிகாரி. அதிகாரியை எல்லோரும் மேடம் என்போம். முப்பத்தெட்டு வயது. வேலையில் கெட்டி. ஓட்டுத் துண்டின் விளிம்பை விரலால் ஒரு தடவு தடவிவிட்டு, முழுப் பானை எவ்வளவு பெரிசு என்று சொல்லிவிடுவார்.

பாலத்தின் கிழக்கு முனையில், சாலைக்குத் தெற்கே, ஒரே ஒரு வீடு. முன்னால் தகரக் கொட்டகை. அதில் மோட்டார்களுக்குக் கம்பி சுற்றித் தரும் கடை. கொட்டகைக்குள் நுழைந்தால் வார்னிஷ் நெடி மூக்கில் ஏறும். சுவர் நெடுக ஆணிகளில் தாமிரக் கம்பி வளையங்கள் தொங்கும். கடையை நடத்துவது மகன். உள்ளே இரண்டு அறைகள், பின்னால் குழாயடி. மகன், மருமகள், இரண்டு பேத்திகள், எல்லோருக்கும் மேலாக மகனின் அம்மா. வயது அறுபத்து மூன்று. சாலை வேலையில் முப்பது வருடம் இருந்தவர் என்பதால் அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவர் ரோட்டக்கா. நாங்களும் இரண்டாம் நாளே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டோம்.

ஒன்பது நாள் தோண்டினோம். அந்த ஒன்பது நாளும் எங்கள் சாமான்கள் இருந்தது அவர்கள் கொட்டகையில். தண்ணீர் குடித்தது அவர்கள் பானையில். ஓட்டுத் துண்டுகளைக் கழுவியது அவர்கள் குழாயடியில். ரோட்டக்கா மாலையில் குழியோரம் வந்து, இடுப்பில் கைவைத்துக்கொண்டு எட்டிப் பார்ப்பார். “நல்லா இறுகியிருக்கா?” என்பார். “கல்லு மாதிரி இருக்கு அக்கா” என்று நம் ஆள் ஒருவன் சொல்வான். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பாகிவிடும். எதற்கு இந்த அம்மாவுக்கு இத்தனை சந்தோஷம் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

முதல் குழியில் ஒன்றும் இல்லை. மூன்றாவதிலும் இல்லை. கிழக்குக் கரை இரண்டாம் குழியில்தான், ஒரு மீட்டர் பத்து சென்டிமீட்டர் ஆழத்தில், சுட்ட மண் ஓடுகள் கிடைக்க ஆரம்பித்தன. ஏழாம் நாள் இருபது. எட்டாம் நாள் அறுபத்தொன்று. ஒன்பதாம் நாள் எலும்பில் செய்த சீப்பில் பாதியும், துளையிட்ட கல்மணிகள் மூன்றும் கிடைத்தன. மேடம் முழங்காலில் உட்கார்ந்து, மணியை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பிறகு, “போதும், நிறுத்துங்க. இதுக்கு மேல ஒரு அங்குலம் தோண்டக் கூடாது. இது பெரிய இடம்” என்றார்.

பெரிய இடம் என்று தெரிந்தால் அப்படியே நிறுத்தி மூடிவிட வேண்டும் என்பது எங்கள் முறை. பிற்காலத்தில் நல்ல வசதியோடு வந்து தோண்டுகிறவர்களுக்காக விட்டுவைப்பது. நல்ல முறைதான். அந்த நல்ல முறையால்தான் தப்பு தப்பாகவே நின்றது.

குழியை மூடிய நான்காம் நாள் அறிக்கை போனது. வடக்குப் பக்கம் பாதுகாக்கப்பட்ட இடம் ஆனது. புதுப் பாலம் அங்கே வரக் கூடாது. அப்படியானால் தெற்கே வரட்டும் என்று பாலத்து இன்ஜினியர் வரைபடத்தில் கோட்டை இடம் மாற்றிப் போட்டார். கோடு நேராக ரோட்டக்காவின் வீட்டுக்குள் புகுந்து குழாயடி வழியாக வெளியே போனது.

சாமான்களை எடுத்துவர நான் அங்கே போன அன்று காலையில்தான் இரண்டு ஆட்கள் வந்து, வீட்டுச் சுவரில் சிவப்புப் பெயிண்டால் எண் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். மருமகள் ஈரத் துணியால் அதைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சிவப்பு போகவில்லை, சுண்ணாம்பு போய்க்கொண்டிருந்தது. மகன் ஒரு மோட்டாரின் வயிற்றைத் திறந்து வைத்துவிட்டு, கையில் கம்பியோடு சும்மா உட்கார்ந்திருந்தார்.

ரோட்டக்கா ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்து, பழைய கம்பிச் சுருளைப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார்.

“வாங்க சார். சாமானை எடுக்க வந்தீங்களா, வீட்டை எடுக்க வந்தீங்களா?”

“நான் என்னக்கா பண்ணேன்...”

“நீங்க பண்ணலை சார். பானை ஓடு பண்ணுச்சு. செத்துப் போனவன் உடைச்ச பானைக்கு உயிரோட இருக்கறவ வீட்டைக் குடுக்கணும். அவ்வளவுதானே?”

“அம்மா, சார்கிட்ட ஏன்?” என்றார் மகன்.

“வேற யார்கிட்டடா? வந்திருக்கறது இவருதானே. பெரிய ஆளுங்க பெயிண்டோட நிறுத்திக்கிட்டாங்க.” கம்பியைக் கீழே வைத்தார். “ஏன் சார், ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. நாங்க கொட்டுன மண்ணுல அப்படி என்னதான் சார் இருக்கு?”

“நாங்க கொட்டுனன்னா?”

“நாங்கதான். நானும் இன்னும் நாப்பது பொம்பளைங்களும். பாலம் கட்டுறப்ப எனக்குப் பத்தொன்பது வயசு. வடக்குப் பக்கம் மேடா இருக்கே, நீங்க குழி வெட்டுனீங்களே, அது மேடே கிடையாது சார். ஆத்தோரம் வெறும் சரிவு. ரோலர் திரும்ப எடம் பத்தலைன்னு அகலமாக் கொட்டச் சொன்னாங்க. மூணு மாசம் சுமந்தோம். இந்த உச்சந்தலையில முடி மொளைக்காமப் போனது அதுலதான்.”

என் கையில் இருந்த அளவுநாடா தானாகச் சுருண்டு டப்பாவுக்குள் போனது.

“மண்ணு எங்கருந்துக்கா எடுத்தீங்க?”

“வளைவைத் தாண்டி ஒரு பள்ளம். அதுலதான். அங்க வெட்டுனா மண்ணு பாதி, ஓடு பாதி. காலெல்லாம் குத்தும். மேஸ்திரிகிட்டச் சொன்னோம். ‘ஓடும் மண்ணுதான், சேத்துக் கொட்டு’ன்னான். சேத்துக் கொட்டுனோம்.” செருப்பைக் கழற்றி, இடது பாதத்தைத் திருப்பிக் காட்டினார். குதிகாலுக்கு மேலே வளைந்த ஒரு வெள்ளைத் தழும்பு. “இது உங்க மியூசியத்து ஓடு போட்டதுதான்.”

“இதை ஏன்க்கா முன்னாடியே சொல்லலை?”

கேட்ட அந்த நொடியிலேயே கேட்டிருக்கக் கூடாது என்று தெரிந்துவிட்டது.

“யாரு சார் கேட்டா?” ரோட்டக்கா எழுந்து நின்றுவிட்டார். “ஒன்பது நாள் இங்க தண்ணி குடிச்சீங்க. கக்கூஸ் எங்கன்னு கேட்டீங்க. கரண்டு எப்ப வரும்னு கேட்டீங்க. அந்த மேடம் செல்லுக்கு சார்ஜர் கேட்டாங்க. என் மருமவகிட்ட பக்கெட்டு கேட்டாங்க, அந்தப் பக்கெட்டையும் ஓட்டை பண்ணிட்டீங்க. இந்த மண்ணு எப்படி வந்துச்சுன்னு ஒருத்தர், ஒரே ஒருத்தர், கேட்டீங்களா? படிச்சவங்க, தெரிஞ்சுதான் தோண்டுறாங்கன்னு நான் இருந்தேன். நாங்க கொட்டுனது ஒழுங்கா இறுகியிருக்கா, மேல புதுப் பாலம் தாங்குமான்னு பாக்க வந்திருக்கீங்கன்னு நெனச்சேன். பெருமையா வந்து எட்டிப் பாத்தேன் சார் தெனமும்! என்னைப் போல பைத்தியக்காரி உண்டா?”

மருமகள் தேய்ப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

நேராக வளைவுக்குப் போனேன். பள்ளம் இருந்த இடம் சட்டென்று தெரிந்தது. தெரியாமல் எப்படி இருக்கும்? பாலத்துக் காண்டிராக்டர் அங்கேதான் கான்கிரீட் கலக்கும் ஆலையை நிறுத்தியிருந்தார். பள்ளத்தைச் சமப்படுத்தி, இருபது மீட்டருக்குப் பதினைந்து மீட்டர் தளம் போட்டு மூன்று வாரம் ஆகிவிட்டது. இயந்திரம் கடகடவென்று சுழன்றுகொண்டிருந்தது. தளத்துக்கு அடித்தளம் தோண்டிய மண்ணை ஓரமாகக் குவித்திருந்தார்கள். அந்தக் குவியலில் கையை விட்டேன். ஒரே அள்ளில் ஏழு ஓடுகள். இரண்டாம் குழியில் கிடைத்த அதே கனம், அதே நிறம், அதே விளிம்பு. பாலம் கட்டும் இடத்துக்குத்தான் ஆய்வு வேண்டுமாம். ஆலை தற்காலிகமானதாம், அதற்கு ஆய்வு கிடையாதாம். இதை அங்கிருந்த காவல்காரர் எனக்குச் சொன்னார், ஏதோ நான் சட்டம் தெரியாதவன் என்பதுபோல.

மேடம் தங்கியிருந்தது கடைத்தெருவில், இரும்புச் சாமான் கடைக்கு மேலே ஒரு வாடகை அறையில். மேசை நிறைய ஓடுகள், ஒவ்வொன்றிலும் எண். நான் சொன்னதை எல்லாம் கேட்டார். ஏழு ஓடுகளையும் பார்த்தார். முகம் ஒரு கணம் மாறியது. பிறகு பழையபடி ஆனது.

“இதை எந்த ஆழத்துலேர்ந்து எடுத்தீங்க?”

“குவியல்லேர்ந்து மேடம்.”

“இடம் குறிக்காம எடுத்த பொருளுக்கு என்ன மதிப்புன்னு உங்களுக்கே தெரியும். பத்தொன்பது வருஷ சர்வீஸ்.”

“அந்தம்மா சொல்றது...”

“வாய்வார்த்தை. நாப்பத்தி நாலு வருஷத்துக்கு முன்னாடி நடந்ததை யாருங்க சரியா ஞாபகம் வச்சிருப்பாங்க? வீடு போகுதுன்னா மனுஷங்க எதையும் சொல்வாங்க. நான் அவங்களைத் தப்பு சொல்லலை. ஆனா அதை அறிக்கையில ஏத்த முடியாது.”

மூவாயிரம் வருடத்து ஓடு ஒன்று கிடைத்தால், அதை வனைந்தவர் வலக்கைக்காரரா இடக்கைக்காரரா என்பது வரை எழுதிவிடுகிறோம். அதை நம்புகிறார்கள். நாற்பத்துநான்கு வருடத்துக்கு முன் அந்த மண்ணைத் தலையில் சுமந்தவர் எதிரே நின்று, காலைத் தூக்கிக் காட்டிச் சொன்னால், அது வாய்வார்த்தை. இதை நான் வெளியே சொல்வதற்குள் மேடம் கோப்பைத் திறந்து ஆறாம் பக்கத்தை என் பக்கம் திருப்பினார்.

“அதோட, நீங்களே எழுதியிருக்கீங்களே. விசாரிச்சோம், தகவல் இல்லைன்னு. உங்க கையெழுத்துதானே இது? இப்ப தகவல் இருக்குன்னா முன்னாடி எழுதினது என்ன?”

என் கையெழுத்துதான். அழகான கையெழுத்து என்று எல்லோரும் சொல்வார்கள்.

“அது வண்டிக்காக எழுதினது மேடம். உங்களுக்கே தெரியும்.”

“எனக்குத் தெரியும். தலைமை அலுவலகத்துக்குத் தெரியுமா?”

மிரட்டலாகச் சொல்லவில்லை. இருவரையும் காப்பாற்றிக்கொள்ள அவர் சொன்ன யோசனை அது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

என் அறைக்குத் திரும்பி, இரண்டாம் குழியின் சுவரை நான் வரைந்த படத்தை விரித்தேன். குழிச் சுவரில் தெரியும் மண்ணின் நிற மாற்றங்களை அளந்து வரைவதும் என் வேலைதான். ஒரு மீட்டருக்குக் கீழே, சுவர் நெடுகச் சின்னச் சின்னப் பிறை வடிவங்களை வரைந்திருந்தேன். ஒன்று மஞ்சள், பக்கத்தில் ஒன்று கருப்பு, அதன் மேல் ஒன்று சிவப்பு. மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று. பக்கத்தில் என் குறிப்பு: ‘மர வேர்களால் ஏற்பட்ட கலக்கல்.’ அளவுகோலை வைத்துப் பார்த்தேன். நாற்பது சென்டிமீட்டர், நாற்பத்திரண்டு, முப்பத்தொன்பது, நாற்பத்தொன்று. எந்த மரத்து வேராவது அளவெடுத்து மண்ணைக் கலக்குமா? ஒவ்வொரு பிறையும் ஒரு பெண்ணின் தலையிலிருந்து கவிழ்ந்த ஒரு சட்டி மண். நூற்றுக்கணக்கில் வரைந்திருந்தேன். வரைந்த கைக்குத் தெரிந்தது மண்டைக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை, அந்தப் படிவத்தின் பிரதியும் தைத்திருக்கும் பதிவேட்டை எடுத்துக்கொண்டு ரோட்டக்கா வீட்டுக்குப் போனேன். எங்கள் பதிவேட்டில் தாளைக் கிழிக்கக் கூடாது. தவறு இருந்தால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, காரணம் எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். அவர் முன்னாலேயே அந்த வரியை அடித்தேன். காரணம் என்ற இடத்தில் ‘விசாரணை நடத்தப்படவில்லை. நடத்தியதாக நான் எழுதியது உண்மை அல்ல’ என்று எழுதினேன்.

“வேலைக்கு வேட்டு வச்சுக்கறீங்க சார்” என்றார் மகன்.

“பரவாயில்ல தம்பி. அக்கா, முதல்லேர்ந்து சொல்லுங்க.”

மூன்று பக்கம் வந்தது. எழுதியதை வாசித்துக் காட்டினேன். ரோட்டக்கா விட்டுவிடுகிற ஆளா?

“நாப்பத்தி மூணு பேர்னு மொத்தமாப் போடாதீங்க. சுமந்தது நாப்பத்தொண்ணு. வெட்டுனது ரெண்டு ஆம்பளைங்க. அவனுங்க சுமக்கலை. சுமந்தவங்க கணக்குல அவனுங்களைச் சேக்கக் கூடாது.”

“சரிக்கா.”

“‘ஏறத்தாழ மூன்று மாதம்’னு என்ன ஏறத்தாழ? மழை விட்ட அடுத்த வாரம் ஆரம்பிச்சோம். எண்பத்தாறு நாள். வாரத்துல ஒரு நாள் லீவு. அதையும் போடுங்க.”

“போட்டுட்டேன்.”

“ஓடு குத்துனதுன்னு எழுதியிருக்கீங்க. சேத்துக் கொட்டச் சொன்னது யாருன்னு இல்லையே. நாங்களாவா கொட்டுனோம்? நாளைக்கு மேடம் வந்து, பழைய பானையை ஏம்மா பாழ் பண்ணீங்கன்னு என்னைக் கேப்பாங்க.”

எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி எழுதினேன். தன் பெயரை எழுத்துக்கூட்டி மெதுவாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். குழிச் சுவர்ப் படத்தின் நகல், பிறைகளின் அளவுகள், ஆலை நிற்கும் இடம், இரண்டாம் குழியை இன்னும் அரை மீட்டர் ஆழப்படுத்திப் பார்க்க வேண்டுகோள் எல்லாம் சேர்த்து இயக்குநருக்கு அனுப்பினேன். இன்ஜினியருக்கும் நில எடுப்பு அலுவலகத்துக்கும் நகல். மேடத்துக்கும் ஒன்று, கையிலேயே கொடுத்தேன்.

அவர் வாசித்துவிட்டு, “முதுகுல குத்திட்டீங்க” என்றார்.

“முதுகுல இல்லை மேடம். நேரா வந்து கையிலதான் குடுக்கறேன்.”

பதில் வரப் பதினாறு நாள் ஆனது. அதற்குள் காண்டிராக்டரின் ஆட்கள் வந்து, வீட்டை அளக்க இடைஞ்சலாக இருக்கிறது என்று கொட்டகையைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். வீட்டை இடிக்க உத்தரவு இல்லை. கொட்டகையைப் பிரிக்க யாருடைய உத்தரவும் தேவையில்லை என்று சொன்னார்களாம். மகன் வெட்டவெளியில், ஒரு தார்ப்பாயைக் கட்டி, அதன் அடியில் உட்கார்ந்து கம்பி சுற்றினார். காற்றடித்தால் தூசி வார்னிஷில் ஒட்டிக்கொள்ளும். சுற்றியதை அவிழ்த்து மறுபடி சுற்றுவார்.

பதினேழாம் நாள் இயக்குநர் வந்தார். இன்ஜினியர் வந்தார். எல்லோர் முன்னிலையிலும் இரண்டாம் குழி மறுபடி திறக்கப்பட்டது. மேடம் வேறு யாரையும் உள்ளே விடவில்லை. தானே இறங்கிக் கொத்துக் கரண்டியால் சுரண்டினார். அதற்காக அவரை மதிக்கிறேன். ஓடுகள் இருந்த அடுக்குக்கும் கீழே நாற்பத்திரண்டு சென்டிமீட்டரில் ஏதோ வட்டமாகத் தட்டுப்பட்டது. தூரிகையை எடுத்துத் தங்கத்தைத் துடைப்பதுபோலத் துடைத்தார். கருப்பாக ஒரு தகடு.

குழியோரத்தில் நின்ற ரோட்டக்கா குனிந்து பார்த்தார்.

“அதைத் தேய்க்காதீங்க மேடம், போகாது. தார் டின்னு மூடி அது.”

நம் ஆட்களில் ஒருவன் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டான். மேடம் மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். மூவாயிரம் வருடத்து ஓட்டுக்கு அடியில் தார் டின் மூடி. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

வீட்டை எடுக்கும் உத்தரவு ரத்தானது. பாலம் பழைய திட்டப்படி வடக்கே வரும். ரத்து உத்தரவோடு ஒரு தாளும் இணைத்திருந்தார்கள்: ‘எனக்கு எவ்வித ஆட்சேபமும் குறையும் இல்லை’ என்று வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அது வந்தால்தான் வேலை தொடங்கலாம். கூடவே எங்கள் திருத்திய அறிக்கையின் நகலும் இருந்தது. கையெழுத்து வாங்க நான், மேடம், இன்ஜினியர் மூன்று பேரும் போனோம். இன்ஜினியர் முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

“அக்கா, சந்தோஷமா? வீடு தப்பிச்சுது. இங்க ஒரு கையெழுத்து.”

ரோட்டக்கா பேனாவை வாங்கவில்லை. “அறிக்கையில என்ன எழுதியிருக்கு? வாசிங்க” என்றார் என்னைப் பார்த்து.

வாசித்தேன். “‘மண் அடுக்குகளை மறு ஆய்வு செய்ததில், மேற்படி மண் வேறிடத்திலிருந்து கொண்டுவந்து நிரப்பப்பட்டது எனக் கண்டறியப்பட்டது.’”

“யாரு கண்டறிஞ்சது?”

இன்ஜினியர் சிரித்தார். “அது அப்படித்தான்க்கா எழுதுவாங்க. ஆபீஸ் பாஷை.”

“யாரு கொண்டு வந்ததுன்னு இருக்கா?”

“இல்லை” என்றேன்.

“நான் சொன்ன மூணு பக்கம்?”

“சேர்க்கலைக்கா.” அது எனக்கே முந்தின நாள்தான் தெரியும். மேடத்தோடு அதற்காக ஒரு மணி நேரம் சண்டை போட்டிருந்தேன்.

மேடம் முன்னால் வந்தார். “அம்மா, உங்க வீடு உங்களுக்குக் கிடைச்சிடுச்சு. அது போதாதா?”

“கிடைச்சிடுச்சா? எங்க போயிருந்துச்சு? இது என் வீடும்மா. நீங்க எனக்குக் குடுத்தது இல்லை.” ரோட்டக்காவின் குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “கொட்டகையைப் பிரிச்சீங்க, என் புள்ள இருபது நாளா வெயில்ல உக்காந்திருக்கான். குறை இல்லைன்னு எழுதிக் குடுக்கணுமா? மண்ணு தானா நடந்து வந்துச்சுன்னு நீங்க எழுதுவீங்க, அதுக்கு ஆட்சேபம் இல்லைன்னு நான் சொல்லணுமா? நாப்பத்தொண்ணு பேரு சுமந்தோம்மா. அதுல இப்ப உசுரோட இருக்கறது ஆறு பேரு.”

இன்ஜினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “அக்கா, கொட்டகை நான் கட்டித் தர்றேன். நாளைக்கே. கையெழுத்து மட்டும்...”

“கட்டுங்க. கட்டி முடிச்சப்புறம் வாங்க. வர்றப்ப என்னோட மூணு பக்கத்தையும் அந்த அறிக்கையில வச்சுத் தைச்சுக் கொண்டு வாங்க. இவரு வாசிக்கட்டும், நான் கேக்கறேன். அப்புறம் கையெழுத்து.”

“அதுவரைக்கும் பால வேலை நிக்கும்” என்றார் இன்ஜினியர். சிரிப்பு போயிருந்தது.

“நாப்பத்தி நாலு வருஷம் நின்ன பாலம் இன்னும் நாலு நாள் நிக்கும். நாங்க கொட்டுன மண்ணு. இறுகித்தான் இருக்கு.”

மேடம் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். “சேக்கறேம்மா” என்றார் மெதுவாக. “மூணு பக்கமும். உங்க பேரோட.” சொல்லிவிட்டுத் திரும்பினார். அந்த அளவில் விட்டிருந்தால் எல்லோரும் ஓரளவு நல்லபடியாகப் போயிருப்போம்.

“ஒரு நிமிஷம் மேடம்” என்றார் ரோட்டக்கா. வளைவின் பக்கம் கையை நீட்டினார். கலவை ஆலையின் கடகடப்பு அங்கிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. “இந்த ஓட்டுக்காக என் வீட்டை இடிக்கலாம்னு ஒரே நாள்ல முடிவு பண்ணீங்க. அப்ப அது அவ்வளவு பெரிய விஷயம். சரி, ஒத்துக்கறேன். ஆனா அது இங்க இல்லை, அங்க. அது மேல கான்கிரீட் ஊத்தி மிஷினை நிறுத்தியிருக்காங்க. இப்ப அதைக் காப்பாத்த யார் வீட்டை இடிக்கப் போறீங்க?”

மேடம் இன்ஜினியரைப் பார்த்தார். இன்ஜினியர் ஆற்றைப் பார்த்தார்.

நான் பதிவேட்டைத் திறந்து, அந்தக் கேள்வியை அவர் சொன்னபடியே, தேதியும் நேரமும் போட்டு எழுதிக்கொண்டேன். எழுதி முடிக்கும்வரை பதில் வரவில்லை. பதில் எழுத வேண்டிய இடத்தை அப்படியே காலியாக விட்டேன்.